எட்டால் வகுபடாத எண்

அன்று சந்தையில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், எங்கள் மாடு இருந்தது. அம்மா வரவில்லை. "வித்துட்டு வந்து சொல்லுங்க, போதும்" என்று வடமதுரைப் பக்கத்து எங்கள் தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். மாட்டை விற்றால்தான் நான் எம்.எஸ்சி. கணிதத்தில் சேர முடியும். கட்டணம் கட்ட இரண்டு வாரமே இருந்தது.

ஒட்டன்சத்திரம் பக்கத்து வியாபாரி ஒருவர் துண்டுக்குள் அப்பாவின் விரல்களைப் பிடித்து விலை பேசினார். நாற்பத்திரண்டாயிரம் என்று முடிந்தது. அப்புறம்தான் மாட்டின் காதைத் திருப்பி, கால்நடைத் துறை மாட்டிவிட்ட மஞ்சள் வில்லையில் இருந்த எண்ணைப் பார்த்தார். 340091726588. வாய்விட்டுக் கூட்டினார். ஐம்பத்து மூன்று. ஐந்தும் மூன்றும் எட்டு.

"ஏனுங்க, எட்டு வருதுங்களே. வண்டி நம்பருக்கே எட்டு ஆகாதும்பாங்க. முப்பத்தெட்டுன்னா புடிச்சுக்கறேனுங்க."

"முப்பத்தெட்டுல இருக்கிற எட்டு மட்டும் ஆகுமாண்ணே?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் எட்டில் நின்றால், அந்த எண்ணை ஒன்பதால் வகுக்கும்போது எட்டு மிஞ்சும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு மண்ணும் இல்லை. ஒன்பது எண்களை வரிசையாக எடுத்தால் ஒன்று கட்டாயம் இப்படி வரும். அதையெல்லாம் ஆகாது என்றால் ஒன்பதில் ஒரு மாட்டை யாரும் வாங்கவே கூடாது.

"எட்டுக்கும் இந்த நம்பருக்கும் ஒட்டே இல்லண்ணே. கடைசி மூணு இலக்கம் ஐந்நூத்தி எம்பத்தெட்டு. எட்டால வகுத்தா நாலு மிஞ்சும். நாலாலதான் மிச்சமில்லாம வகுபடும்."

"மாட்டுக்குக் காலும் நாலுதானய்யா" என்றார் அப்பா.

வியாபாரி முகம் கறுத்தது. "கணக்கைக் காலேஜ்ல வெச்சுக்குங்க தம்பி. என்ர வெலை அதுதானுங்க."

மறுபடியும் துண்டை நீட்டினார். அப்பா கை கொடுக்கவில்லை. "இவன் சொல்றது எனக்கு அம்புட்டும் புரியல. ஆனா எம் மாட்டுல ஒரு கொறையும் இல்ல" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "கயித்த அவுத்துக்க அப்பு" என்றார்.

வண்டியில் திரும்பும்போது பயமாகத்தான் இருந்தது. கட்டணம் கட்ட முடியாமல் போனால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். இருந்தாலும், எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருவன் படித்தது, ஒரு எண்ணின் மேல் இல்லாத குற்றத்தை ஏற்றும்போது தலையாட்டிக்கொண்டு நிற்பதற்கா? இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அடுத்த வாரம் அதே சந்தை. வேறொருவர் மடியைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், காதைப் பார்க்கவே இல்லை. முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்குப் போனது. மாட்டைத் திருப்பி ஏற்றிவந்த வாடகையும் மறுபடி கொண்டுபோன வாடகையும் ஆயிரத்து எண்ணூறு. மிச்சத்தில் கட்டணத்தைக் கட்டிச் சேர்ந்தும்விட்டேன். முப்பத்தெட்டாயிரத்துக்குத் தலையாட்டாமல் வந்ததில் எங்களுக்கு ஆன நட்டம் முந்நூறு ரூபாய்.