நாற்பத்தொரு ரிஜெக்ட் சக்கரங்கள்

எங்க அண்ணி கட்டில் சக்கரம் செய்யறவங்க. சிரிக்காதீங்க. ஆஸ்பத்திரியில கட்டிலைத் தள்ளும்போது பல்லு கூசற மாதிரி 'கிறீச்'சுன்னு ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் வராத சக்கரம். மூணு வருஷம் முன்னாடி எனக்குக் குடல்வால் ஆபரேஷன். துணைக்கு வந்த அண்ணி, என்னைப் பார்த்ததைவிட பக்கத்துக் கட்டில் சக்கரத்தைக் குனிஞ்சு பார்த்ததுதான் அதிகம். "அந்தப் பாட்டி வலியில இப்பதான் கண்ணசந்தாங்க, இந்தச் சனியன் எழுப்பி விட்டுடுச்சே"ன்னு அவங்களுக்கு அப்படி ஒரு கோபம்.

அப்ப அவங்க ஒரு பெரிய ஃபாக்டரியில லேத் மெஷின் ஓட்டிட்டிருந்தாங்க. அந்த வேலையை விட்டாங்க. வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல பழைய லேத் ஒண்ணைப் போட்டு ஒவ்வொரு சக்கரமா செஞ்சு பார்த்தாங்க. சோதிச்சுப் பார்க்க ஒரு பழைய கட்டில். அதுல பாரத்துக்கு நான்! "எழுபத்தெட்டு கிலோ, அசையாம உக்காரு"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி அண்ணி சொல்ல, எங்க அண்ணன் தள்ளுவார். சக்கரம் கத்தினா ரிஜெக்ட். அது மேலயே வெள்ளை பெயிண்டால நம்பரும் காரணமும் எழுதிடுவாங்க. 'ஏழு, பேரிங் இறுக்கம்.' 'பத்தொன்பது, ரப்பர் கெட்டி.' அப்புறம் மூட்டையில போட்டுடுவாங்க. நாப்பத்தொண்ணு அப்படிப் போச்சு. நாப்பத்திரண்டாவது மாட்டினப்போ கட்டில் நகர்ந்ததே எனக்குத் தெரியலை. சுவர்ல போய் முட்டினப்பதான் தெரிஞ்சுது. நான் போட்ட கூச்சல்ல அக்கம்பக்கத்துல எல்லாரும் ஓடி வந்துட்டாங்க.

சக்கரம் வந்தா போதுமா? ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு லேப்ல சோதிச்ச சான்றிதழ் வேணும். நூறு சக்கரமும் ஒரே மாதிரி வர நல்ல மோல்டு வேணும். ரெண்டுக்கும் எங்களுக்கு வழியில்ல. இதுக்கு நடுவுல பழைய ஃபாக்டரியில இருந்து கூப்பிட்டாங்க. சூப்பர்வைசர் வேலையாம், திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். நாங்க நம்பி உக்காந்திருந்தது மாநில அரசுத் திட்டம் ஒண்ணைத்தான். புதுசா ஏதாவது செஞ்சு பார்க்கிற சின்னப் பட்டறைகளுக்கு அரசு லேப்ல இலவசமா சோதனை, மோல்டுச் செலவுல பாதி. விண்ணப்பம் போட்டு ரெண்டு மாசம் ஆகியிருந்துது. அதே வாரம், வெள்ளிக்கிழமை பட்டறையைப் பார்க்க வர்றோம்னு போன் வந்துது.

"கிடைச்சா சக்கரம், கிடைக்கலேன்னா ஃபாக்டரி. அவ்வளவுதான்"னு அண்ணி சொல்லிட்டாங்க. அதைச் சொல்லும்போது அந்தப் பழைய லேத்தைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

வெள்ளிக்கிழமை காலையில ஷெட்டைக் கழுவித் துடைச்சோம். பட்டறைக்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியாள் வந்தா முதல்ல ரிஜெக்டை மறைக்கணும். கெட்டுப் போனதைப் பார்த்தா எவன் ஆர்டர் கொடுப்பான்? "அந்த மூட்டையைக் கண்ணுல படாம வை"ன்னு அண்ணி சொன்னாங்க. நான் ஒரு படி மேல போய், ஸ்கூட்டர்ல வெச்சு முக்கு பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வந்துட்டேன். என்னை வீட்டுல அவசரக்குடுக்கைன்னு கூப்பிடறது சும்மாவா?

பத்து மணிக்கு அதிகாரியம்மா வந்தாங்க. கட்டில்ல நான் உக்காந்தேன், அண்ணன் தள்ளினார், சத்தமே இல்ல. அந்தம்மா குனிஞ்சு சக்கரத்துக்கிட்ட காதை வெச்சே கேட்டாங்க. எனக்குத் தலைகால் புரியலை.

"பிரமாதம். இதுக்கு முன்னாடி எத்தனை செஞ்சு பார்த்தீங்க?"

அண்ணி நிமிர்ந்து நின்னாங்க. "முதல் தடவையே சரியா வந்துடுச்சு மேடம்."

அந்தம்மா ஃபைலை மூடிட்டாங்க! "அப்ப நான் என்ன எழுதறது? செஞ்சு பார்த்து, கெட்டுப் போய், மறுபடி செய்யறவங்களுக்குத்தான் இந்த உதவி. எங்கேயோ வாங்கின சக்கரத்தை மாட்டிக் காட்டறவங்களும் வர்றாங்க. நீங்களே செஞ்சதுன்னு நான் எதை வெச்சு நம்பறது?"

அண்ணி முகம் வெளுத்துப் போச்சு. எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம்! கட்டில்ல இருந்து குதிச்சேன். "பொய் சொல்றாங்க மேடம்! நாப்பத்தொண்ணு கெட்டுப் போச்சு! நாப்பத்தொண்ணுலயும் உக்காந்தது நான்!"

"அப்படியா? எங்கே அதெல்லாம்?"

அண்ணி என்னைப் பார்த்தாங்க. நான் அண்ணனைப் பார்த்தேன். அப்புறம் உண்மையைச் சொல்லித் தொலைச்சேன்.

"பன்னெண்டு மணிக்கு நான் கிளம்பணும்"னாங்க அதிகாரியம்மா, சிரிப்பை அடக்கிக்கிட்டு.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன்னு கேக்காதீங்க. இரும்புக் கடைக்காரர் மூட்டையை மலை மாதிரிக் குவியல்ல கொட்டி முடிச்சிருந்தார். "காலையில நீ போட்டது இரும்பு. இப்ப வந்து தேடறது என்ன தங்கமாம்மா?"

"தங்கம்தான் அண்ணே, கொஞ்சம் கை கொடுங்க!"

அவரும் உக்காந்து தேடினார். சைக்கிள் செயினுக்கும் ஓட்டை வாளிக்கும் நடுவுல, வெள்ளை பெயிண்ட் தெரியற இடத்துல எல்லாம் பாய்ஞ்சேன். நாப்பது கிடைச்சுது. பதினேழாம் நம்பர் மட்டும் கிடைக்கவே இல்ல.

பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஷெட்டுத் தரையில மூட்டையைக் கொட்டினேன். முகமெல்லாம் கிரீஸ். அதிகாரியம்மா புடவையைச் செருகிக்கிட்டுத் தரையிலயே உக்காந்துட்டாங்க. ஒவ்வொண்ணா எடுத்து எழுதியிருந்ததைப் படிச்சாங்க. "இருபத்தாறுல ரப்பரை மாத்தியிருக்கீங்க. ஏன்?" அண்ணி சொல்ல ஆரம்பிச்சாங்க. எத்தனை நாள் யாரும் கேக்காம உள்ளயே வெச்சிருந்தாங்களோ, மடை திறந்த மாதிரிக் கொட்டினாங்க! பன்னெண்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவங்க ரெண்டு மணி வரைக்கும் கேட்டாங்க. போகும்போது, "யாருக்கு உதவின்னு முடிவு பண்ற குழு நாளைக்குக் கூடுது. இனிமே இதையெல்லாம் வாசல்ல மாட்டி வைங்க"ன்னாங்க.

திங்கக்கிழமை ஒன்பதே காலுக்கு போன் வந்துது. சோதனைக்கு இடம், மோல்டுக்குப் பாதிப் பணம், ரெண்டும் கிடைச்சிடுச்சு! நான் அண்ணியைத் தூக்கிச் சுத்தினேன். அண்ணன் கதவுப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

"இருடி, இன்னொரு வேலை பாக்கி இருக்கு"ன்னு அண்ணி கீழே இறங்கி ஃபாக்டரிக்கு போன் போட்டாங்க. "மன்னிச்சுக்கங்க சார், வேலைக்கு வர முடியாது. ஆனா நம்ம ஃபாக்டரித் தள்ளுவண்டிங்க எல்லாம் இன்னும் கத்திக்கிட்டுத்தானே இருக்கு? சக்கரம் வேணுமா?"

அவங்கதான் முதல் ஆர்டர்.

இப்ப வாசல்ல வரிசையா ஆணி அடிச்சு நாப்பது ரிஜெக்டும் தொங்குது. பதினேழாவது ஆணி காலி. வர்றவங்க என்னன்னு கேட்டா, "அது என் நாத்தனார் கண்டுபிடிப்பு"ன்னு அண்ணி சொல்றாங்க. ஆணிக்குக் கீழே வெள்ளை பெயிண்டால காரணமும் எழுதியாச்சு: 'பதினேழு, அவசரம்.'