செங்கமலம் கேட்ட நாலாவது பெட்டி

செங்கமலத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் "அந்தம்மாவா? ஐயோ சாமி!" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்துவிட்டுச் சிரிப்பார்கள். வில்லியனூருக்குத் தெற்கே, நெல்லும் கரும்புமாக விளைகிற ஊர் அது. "முடியாது" என்று சொல்லத் தெரிந்த பெண்கள் அங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சொன்ன சொல்லில் கடைசி வரைக்கும் நின்று காட்டியவள் செங்கமலம்தான்.

பிறந்தது பண்டசோழநல்லூரில். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தேர்தல் வந்தது. எந்தச் சின்னத்தில் குத்த வேண்டும் என்று புருஷன் உலகநாதன் வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தவளைப் பார்த்து, "குத்திட்டியா?" என்றார். "குத்திட்டேன்" என்றாள். "எதுல குத்துன?" என்றார். "அத்த உங்ககிட்ட சொல்றதுக்கா அங்க தட்டி வச்சு மறச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அந்த ஓட்டு எங்கே போனதென்று இன்று வரை அவருக்குத் தெரியாது. கரும்பு வெட்டுகிற நாளில் ஆட்களுக்குச் சோற்றுக் குண்டானை வண்டியில் கட்டிக்கொண்டு வயக்காட்டுக் கொல்லிக்கு ஓட்டிப் போன முதல் பெண்ணும் அவள்தான். முதல் நாள் வாய்க்காலில் விழுந்தாள். மறுநாளும் அதே வண்டியை எடுத்தாள்.

இவ்வளவு வாயும் வீறாப்பும் இருந்தும் ஒரே ஒரு இடத்தில் தோற்றுப் போயிருந்தாள். அது அவளுடைய அடுப்படி.

வாஸ்து பார்த்துத் தென்கிழக்கு மூலையில் கட்டிய அடுப்படி. ஒரு பக்கம் குளியலறை அடைத்துக்கொண்டது. மிச்சமிருந்த சுவரில் ஒரே ஒரு ஜன்னல், பக்கத்துச் சந்தைப் பார்த்து. சந்துக்கு அந்தப் பக்கம் சாமிநாதன் வீடு. சாமிநாதன் வேறு யாருமில்லை, உலகநாதனின் பெரியப்பா மகன், பங்காளி. மழைத் தண்ணீரைச் சந்தில் எந்தப் பக்கம் விடுவது என்று ஆரம்பித்த சண்டை, கோர்ட்டுக்குப் போகாத குறையாக முற்றி, இரண்டு ஆண்களும் முகம் பார்ப்பதில்லை என்று ஆகிவிட்டது. பெண்களுக்கு என்ன? செங்கமலமும் சாமிநாதன் பெண்சாதி ருக்குமணியும் அந்த ஜன்னல் வழியாகக் குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் உலகநாதன் தட்டில் விழுந்த வத்தக்குழம்பு ருக்குமணி கைப்பக்குவம் என்று அவர் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. மனுஷன் தட்டைத் தூக்கி எறியவில்லை. இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றச் சொல்லி, விரலைச் சப்பிச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தார். அன்றைக்கே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியாகிவிட்டது. பங்காளி மேல் இருந்த கோபத்துக்குப் பெண்டாட்டி மூச்சுவிடுகிற ஓட்டையை அடைத்த ஆளை எங்கே கொண்டு போய்ச் சொல்வது!

அதிலிருந்து அந்த அடுப்படி சூளைதான். போன கத்திரி வெயிலில், அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு கீழே சாய்ந்தாள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் ஏற்றிய பாட்டில் இறங்கி முடிவதற்குள், "சூட்டுல ரொம்ப நேரம் நிக்கக் கூடாதும்மா" என்று டாக்டரம்மா சொன்னார். "அதுக்கின்னா, பாத்துக்கலாம்" என்றார் உலகநாதன். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியது செங்கமலம்தான். அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள், இன்னொரு கத்திரிக்கு இந்த அடுப்படியில் இப்படி நிற்பதில்லை என்று.

இந்த வருஷம் வெயில் தொடங்கியதும் மகன் கலைவேந்தன் வீட்டுக்கு ஏசி போடப் போவதாகச் சொன்னான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பிள்ளை. வெளியே ஒரே ஒரு மெஷின், உள்ளே நாலு இடத்தில் நாலு பெட்டி, அவரவர்க்கு வேண்டிய குளிரை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்று போனில் படம் காட்டினான். ரிமோட்டில் சூடாக ஊதுவதற்கும் ஒரு பொத்தான் இருந்தது.

"நம்ம ஊர்ல சூட்டுக்குக் கூட மெஷினாடா!" என்று உலகநாதன் வாயைப் பிளந்தார்.

"அது என் அடுப்படில சும்மாவே கெடைக்குது" என்றாள் செங்கமலம்.

பெட்டிகளுக்கு இடம் ஒதுக்கியது உலகநாதன். ஹாலுக்கு ஒன்று, தன் ரூமுக்கு ஒன்று, மகன் ரூமுக்கு ஒன்று. நாலாவது, மாப்பிள்ளை ரூமுக்கு. கடலூரில் இருக்கிற மாப்பிள்ளை மணிபாரதி, செங்கமலத்தின் மகள் அருள்மொழியோடு தீபாவளிக்கு ஒரு தடவை, வில்லியனூர் தேருக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் அந்த ரூமில் நெல்மூட்டைச் சாக்கும் பழைய மின்விசிறியும்தான் குடித்தனம்.

"நாலாவது அடுப்படிக்கு" என்றாள் செங்கமலம்.

உலகநாதன் சிரித்தார். மகனும் சிரித்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"அம்மா, அடுப்படில யாராச்சும் ஏசி வைப்பாங்களா? உனக்கு வேர்த்தா ஹால்ல வந்து உக்காந்துக்கோயேன்."

"நான் வந்து உக்காந்துகிட்டா சோறு தானா வேவுமாடா? போன வருசம் ஆஸ்பத்திரில கெடந்தது யாரு, ஹாலா? மாப்ள ரூமா?"

 ஏசி மாட்ட வந்த லியோ பிரகாஷைக் கூப்பிட்டு, "தம்பி, நீ சொல்லு" என்றாள். வில்லியனூர்க்காரப் பையன், கையில் டேப்போடு அடுப்படியைச் சுற்றிப் பார்த்தான். "வைக்கலாம்மா. எண்ணெப் பிசுக்கு ஏறும், அடிக்கடி கழுவணும். ஆனா கேஸ் எரியற எடம், காத்து போக ஒரு ஜன்னல் கண்டிப்பா வேணும். ஜன்னலே இல்லாம மூடுன ரூம்ல வச்சா மூச்சு முட்டும்மா" என்றான்.

"கேட்டுக்கிட்டியா? ஜன்னல் இல்ல. ஆவாது" என்றார் உலகநாதன். யாரோ எங்கிருந்தோ வந்து அந்த ஜன்னலை அடைத்துவிட்டுப் போன மாதிரி சொன்னார். செங்கமலம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குத் துளி வெட்கம் இல்லை. நாலாவது பெட்டி மாப்பிள்ளை ரூமில் ஏறியது.

அவள் அழவில்லை, சோற்றை மறுக்கவில்லை, அண்ணன் வீட்டுக்குப் பெட்டி கட்டவில்லை. அதையெல்லாம் செய்தால் நாலு நாளில் சமாதானம் பேசிக் கொண்டுவந்து அதே அடுப்படியில் விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் உலகநாதன் கொல்லிக்குப் போய்த் திரும்பியபோது அடுப்படி காலியாக இருந்தது. அடுப்பு, சிலிண்டர், மிக்சி, அஞ்சறைப் பெட்டி எல்லாம் மாப்பிள்ளை ரூமில். அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த மேஜை மேல் அடுப்பு எரிந்தது. கட்டில் மெத்தையில் செய்தித்தாள் விரித்து வெங்காயம் பரப்பியிருந்தது. சுவரில் புதுப் பெட்டி சில்லென்று ஊத, செங்கமலம் வேர்வை இல்லாத முகத்தோடு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், இன்னாடி இது?"

"அடுப்படிக்கு ஏசி வராதுன்னீங்க. அதான், அடுப்பு ஏசிக்கு வந்துடுச்சு."

"அடியே, ரெண்டு ஜன்னலும் தொறந்து கெடக்குது. குளுரெல்லாம் வெளிய போவுது!"

"கேஸ் எரியுது இல்ல? ஜன்னல் வேணும்னு லியோ தம்பி சொல்லும்போது நீங்களும்தான நின்னீங்க."

உலகநாதன் கத்தினார். கத்திக் களைத்துத் தண்ணீர் குடித்தார். அடுப்பைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தார். அவள் தடுக்கவில்லை. மத்தியானம் சோற்று நேரத்துக்கு அடுப்பு மறுபடியும் மாப்பிள்ளை ரூமில் இருந்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் தடவை தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தைலம் தேய்த்துவிட்டவளும் அவள்தான். "மெதுவா தூக்கணும், வயசாவுது இல்ல" என்று வேறு சொன்னாள்.

"தேருக்கு மாப்ள வரட்டும். அவரு மொகத்த எப்படிப் பாக்குறன்னு நானும் பாக்குறேன்" என்றார் உலகநாதன். அவருடைய கடைசி நம்பிக்கை அது. உள்ளுக்குள் செங்கமலத்துக்கும் அது ஒன்றுதான் பயம். மாப்பிள்ளை முகம் சுளித்தால், மகள் கண் கலங்கினால், அதோடு அடுப்பு பழைய சூளைக்குத்தான் போயாக வேண்டும். அதற்குப் பிறகு உயிர் போகிற வரைக்கும் அங்கேதான்.

தேருக்கு முதல் நாள் மாப்பிள்ளை அருள்மொழியோடு வந்து இறங்கினார். பையோடு தன் ரூமுக்குள் நுழைந்தவர், கட்டிலில் கிடந்த முருங்கைக்காயைப் பார்த்தார், மேஜையில் கொதிக்கிற சாம்பாரைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். பின்னாலேயே உலகநாதன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"போன வருசம் அடுப்படில விழுந்துட்டேன், மாப்ள" என்றாள் செங்கமலம்.  "இங்கதான் நிக்க முடியுது. ராத்திரிக்கு ஹால்ல பாய் போட்டுத் தரேன். கோச்சிக்கிட்டா கோச்சிக்கோங்க."

மாப்பிள்ளை பையைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்து அடுப்புப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இதுக்கு இன்னாத்த கோச்சிக்கிறது, அத்தே? சட்டுனு ஒரு தோச ஊத்துங்க. கல்லுல இருந்து நேரா தட்டுக்கு வரட்டும்" என்றார். அருள்மொழி கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உலகநாதனுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. செங்கமலம் மாவை ஊற்றினாள். அன்றைய முதல் தோசை கோணிப் போனது.

ஆனாலும் உலகநாதன் இறங்கி வரவில்லை. சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நாளைக்கு ஒறமொற மொத்தமும் சாப்புட வரும். மாப்ள ரூம்ல அடுப்பப் பாத்தா இன்னான்னு கேக்க மாட்டாங்களா? ஒரு நாளைக்காவது எடுத்து அங்க வையி. உனக்குக் கும்புடு போடுறேன்."

"கேட்டா சொல்றேன். அடுப்படில காத்து இல்லன்னு சொல்றேன். ஜன்னல் எங்கன்னு கேப்பாங்க. அதையும் சொல்றேன். வத்தக்குழம்ப ரெண்டு தடவ ஊத்தித் தின்னுட்டு அடைச்சாருன்னு சேத்தே சொல்றேன்."

 ஊரே சிரிக்கப் போகிற சத்தம் உலகநாதன் காதில் இப்போதே விழுந்திருக்க வேண்டும். நேராகக் கொட்டகைக்குப் போய்க் கடப்பாறையோடு வந்தார். மாப்பிள்ளையும் கலைவேந்தனும் ஓடி வந்து உதவி செய்கிறோம் என்றதை, "போங்கடா அப்பால" என்று விரட்டிவிட்டார். அவர் பூசச் சொன்ன பூச்சு கெட்டியாகத்தான் இருந்தது. இடுப்பு வலியோடு முக்கி முனகி இடித்தார். முதல் செங்கல் சந்தில் விழுந்ததும் சாமிநாதன் வீட்டில் விளக்கு எரிந்தது. அடுத்து நாலைந்து கல் உதிர்ந்ததும் சந்துக்காற்று உள்ளே வந்தது. அதோடு கூட ருக்குமணியின் முகமும் வந்தது.

"அடியே செங்கமலம்! உன் தாளிப்பு வாசன மோந்து எத்தினி வருசமாச்சுடி!"

 செங்கமலம் கையை நீட்டி, உடைந்த செங்கல் மேலாகவே ருக்குமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையிலும் சிமெண்ட் தூசி அப்பியது. உலகநாதன் அந்தப் பக்கம் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்தார். காற்று நன்றாகவே வந்தது. வெயிலில் வெந்து கிடந்த அடுப்படி கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது.

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "பாத்தியா, எப்படி காத்து வருது! இனிமே இங்க ஏசி எதுக்கு? அது மாப்ள ரூம்லயே இருக்கட்டும். அடுப்பக் கொண்டாந்து வையி" என்றார்.

செங்கமலம் ருக்குமணியின் கையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஜன்னல நீங்கதான் மூடுனீங்க, நீங்கதான் தொறந்தீங்க. இதுல எனக்கு இன்னா குடுத்தீங்க?"

 உலகநாதன் குனிந்து, காலடியில் கிடந்த செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஜன்னல் வேணும்னுதான லியோ தம்பி சொல்லிச்சு? இப்ப ஜன்னல் வந்தாச்சு. அந்தத் தம்பிக்கு போன் போடுங்க. பொட்டி இங்க வந்தப்புறம் அடுப்பு இங்க வரும்" என்று சொல்லிவிட்டு, ராத்திரிக்குச் சோறு வடிக்க மாப்பிள்ளை ரூமுக்குப் போனாள். உலகநாதன் கடப்பாறையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் லியோ பிரகாஷின் நம்பரைத் தேடினார்.