துப்பாக்கிக்கு ஒரு கையெழுத்து

செக்யூரிட்டி வேலையில் இரண்டே சாதி. துப்பாக்கி வைத்திருப்பவன், விசில் வைத்திருப்பவன். துப்பாக்கிக்காரனுக்கு நாற்காலி போடுவார்கள், டீ வரும், மேனேஜர் ‘வாங்க’ என்பார். விசில்காரன் வெயிலில் நின்று, வண்டியை முன்னே எடு, பின்னே எடு என்று ஊத வேண்டும். கள்ளிக்குப்பம் வீராசாமி வெகுகாலம் முதல் சாதியில் இருந்தவர். அறுபதை நெருங்கும்போது இரண்டாவதுக்கு இறக்கப்பட்டார்.

ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர் அவர். பென்ஷன் சோற்றுக்கு வரும், மரியாதைக்கு வராது. வந்த கையோடு லைசென்ஸ் எடுத்து, இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். பாடியில் ஒரு நகை அடகுக் கடையில் கன்மேன் வேலை கிடைத்தது. கன்மேன் வேலையின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி துப்பாக்கி தராது. லைசென்ஸ் உன் பெயரில், துப்பாக்கி உன்னுடையது, தோட்டாவும் உன்னுடையது. அவர்கள் வாடகைக்கு எடுப்பது துப்பாக்கியை. அதைத் தூக்கிக்கொண்டு நிற்க ஓர் ஆள் கூடவே வருகிறான், அவ்வளவுதான். துப்பாக்கி போனால் ஆளும் போக வேண்டியதுதான்.

வீராசாமிக்கு இது தெரியும். இருந்தாலும் சாலையில் போகிறவர்கள் ‘மிலிட்டரி’ என்று கூப்பிடும்போது அது தன்னைத்தான் என்று நம்பினார். மனிதன் எதையாவது நம்பித்தானே காலம் தள்ள வேண்டும்.

துப்பாக்கி போன கதை ஒரு புதுமனை புகுவிழாவில் ஆரம்பித்தது. அவருடைய ஒரே மகள் திவ்யாவும் மருமகன் இளங்கோவும் பாரிவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கினார்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இளங்கோவின் பெற்றோர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்கவில்லை. வாட்ஸப்பில் ஒரு பத்திரிகையை அனுப்பினார்கள், கீழே கைகூப்பும் படம் ஒன்று.

“பொண்ணு குடுத்தவன கூப்புடற மொற இதானா? நான் வரமாட்டேன். நீயும் போவக் கூடாது” என்றார் வீராசாமி.

“பொண்ணு ஊடு கட்டிக்கினு போறா. அதுக்கு உனுக்கு வெத்தல வேணுமா?” என்றாள் சாமுண்டீஸ்வரி. முப்பது வருஷத்து மனைவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் ஓயாமல் மிஷின் ஓட்டியவள், வாயும் ஓடும்.

வார்த்தை தடித்தது. பிறகு வீராசாமி வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். திரும்பவில்லை. மறுநாள் போலீஸ் வந்தது. மனைவியைத் துப்பாக்கியைக் காட்டிப் பயமுறுத்தியதாகப் புகார் என்றார்கள். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். தெருவே பார்த்தது.

விசாரணையில் அவள் கேஸ் வேண்டாம் என்றுவிட்டாள். தனியாக இருந்துகொள்கிறேன், என்னை விட்டால் போதும் என்றாள். மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கோர்ட், விவாகரத்து ஒன்றும் இல்லை. புகார் முடிந்தது. துப்பாக்கி மட்டும் ஸ்டேஷனிலேயே கிடந்தது. கிடந்த காலத்தில் லைசென்ஸின் ஆயுள் முடிந்துபோனது. லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. லைசென்ஸைப் புதுப்பிக்க ஸ்டேஷன் அறிக்கை வேண்டும். ஒருதரம் புகார் வந்த வீட்டுக்கு அறிக்கை எழுத யாருக்குக் கை வரும்?

சப் இன்ஸ்பெக்டர் ராதிகா நல்ல மாதிரி. உட்கார வைத்துத்தான் பேசினார்.

“ஐயா, நீங்க தப்பு பண்ணீங்கன்னு நான் சொல்லல. ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அறிக்கை எழுதினது யாருன்னு என்னத்தான் கேப்பாங்க. உங்க வீட்டம்மாவ கூட்டிட்டு வாங்க. எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கட்டும். மத்தத நான் பாத்துக்கறேன்.”

“நான் அவள மெரட்டவே இல்லம்மா. அந்தத் துப்பாக்கில ஊட்ல வச்சி ஒரு தோட்டா போட்டதில்ல.”

“அத அவங்க வந்து சொல்லட்டும்.”

அப்போது வீராசாமி ஒரு ஆஸ்பத்திரியின் பார்க்கிங்கில் விசில் ஊதிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்த ஏகாம்பரம் வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள்.

“இன்னா மிலிட்டரி, பார்டர்ல எதிரிய நிறுத்துன ஆளு, ஒரு ஸ்கூட்டிய நிறுத்த முடியல?”

“உடுய்யா, அது ஆஸ்பத்திரிக்கு வந்த பொண்ணு.”

“சரி, ஊட்டுக்காரம்மாவாண்ட எப்ப போவப் போற? கையெழுத்துக்கு மட்டும் போறியா, கையோட கூப்டுகினு வர்றதுக்கும் போறியா? ரெண்டையும் ஒரே நாள்ல கேக்காத மாமே, ரெண்டும் கெடைக்காது.”

“மொதல்ல துப்பாக்கி வரட்டும்” என்றார் வீராசாமி. “பழையபடி பாடில போயி நிக்கறேன். நாலு பேரு மதிக்கறத பாத்தா அவளே வந்துருவா.”

ஏகாம்பரம் ஏதோ சொல்ல வாயெடுத்து, விசிலை வைத்து அடைத்துக்கொண்டான்.

வீராசாமியின் கணக்கு அதுதான். துப்பாக்கி வந்தால் வேலை வரும், வேலை வந்தால் மரியாதை வரும், மரியாதை வந்தால் மனைவி வருவாள். ஒன்றன் பின் ஒன்றாக. ராணுவத்தில் வரிசையில் நின்று பழகியவருக்கு வாழ்க்கையும் வரிசையில் வரும் என்ற நினைப்பு.

ஒரு சனிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பாரிவாக்கம் போனார். கேட்டிலேயே நிறுத்தப்பட்டார். நிறுத்தியவனும் ஒரு விசில்காரன்.

“யார பாக்கணும் அண்ணாத்தே?”

“மூணாவது மாடி. திவ்யா.”

“இன்னா வேணும் நீங்க அவங்களுக்கு? கூரியரா?”

“அப்பன்.”

அவன் ஒரு மாதிரி பார்த்தான். அப்பன் என்றால் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. மேலே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் விட்டான். வீராசாமிக்குக் கோபம் வரவில்லை. அவராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

கதவைத் திறந்தவள் திவ்யா. காதில் ஹெட்போன். “வா நைனா. மீட்டிங்ல இருக்கேன். அம்மா உள்ள இருக்காங்க. கொஞ்சம் மெதுவா பேசுங்க ரெண்டு பேரும்” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் கத்திப் பேசிய இரண்டு பேரும் அன்றைக்குக் கிசுகிசுவென்று பேச வேண்டியதாயிற்று.

சாமுண்டீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் உடம்பு தேறியிருந்தாள். அதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உறைக்கவும் செய்தது.

“துப்பாக்கிக்குத்தான வந்த?” என்றாள்.

“ஆமா.” பொய் சொல்லத் தெரியாத ஆள். “ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உன்ன என்னிக்காவது கை நீட்டி அடிச்சிகீறனா?”

“இல்ல.”

“துப்பாக்கிய உன் மேல நீட்டிகீறனா?”

“இல்ல.”

“அப்பறம் ஏன்டி மெரட்டறான்னு எழுதிக் குடுத்த?”

“நான் மெரட்டறான்னு சொல்லல. ஊட்ல துப்பாக்கி கீதாமே, பயமா கீதான்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க. கீதுன்னேன். மீதிய அவங்க எழுதிக்கினாங்க.”

“இன்னா பயம் உனுக்கு?”

“நம்ம ரெண்டு பேருக்கும் சண்ட வந்தா நீ இன்னா பண்ணுவ?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பண்ண மாட்டேன். வாய மூடிக்கினு ஹால்ல ஒக்காந்துகினு…”

நிறுத்தினார்.

“சொல்லு. ஒக்காந்துகினு?”

“தொடைப்பேன்.”

“பழைய பெட்ஷீட்ட விரிப்ப. துப்பாக்கிய மடக்கிப் பிரிப்ப. கண்ணுக்கு நேரா தூக்கி அந்தக் கொழா வழியா பாப்ப. நான் சமையக்கட்டுல நின்னுகினு கீறேன். அந்த எண்ண நாத்தம் வரும். நீ ஒரு வார்த்த பேச மாட்ட. கடசியா டக்குனு மூடுவ பாரு, அந்தச் சத்தம் வர்ற வரிக்கும் நான் மூச்சு உட மாட்டேன். ஒவ்வொரு சண்டைக்கும். கொழம்புல உப்பு இல்லன்னு வந்த சண்டைக்கும்.”

வீராசாமி எதிரில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“அது எங்க சுபேதார் சொல்லிக் குடுத்தது” என்றார். “கோவம் வந்தா ஆயுதத்தப் பிரிச்சித் தொட. கைக்கு வேல இருந்தா மனசு அடங்கும்னாரு. கேம்ப்ல நாங்க எல்லாரும் அப்டித்தான் பண்ணுவோம். உன்ன அடிச்சிரக் கூடாதுன்னுதான்டி அத எடுத்தேன்.”

“அத எங்கிட்ட சொன்னியா?”

“நீ கேக்கலியே.”

“துப்பாக்கிய மடியில வச்சிக்கினு கீறவங்கிட்ட இன்னான்னு போயி கேக்கறது?”

உள்ளே திவ்யா யாருக்கோ இங்கிலீஷில் நன்றி சொல்வது கேட்டது.

பட்டாளத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து துடைத்தால் அது ஒழுங்கு. ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில், சண்டை முடிந்த சூட்டில், ஒருவன் பேசாமல் உட்கார்ந்து துடைத்தால் அதற்கு வேறு பெயர். இந்த வித்தியாசத்தை எந்த சுபேதாரும் சொல்லிக் கொடுத்து அனுப்புவதில்லை. வீராசாமி கெட்டவர் இல்லை. கெட்டவர் இல்லை என்பதால் அவள் நடுங்கியது இல்லையென்று ஆகிவிடாது.

“கையெழுத்து போடறேன்” என்றாள் அவளே. “உன் வேலய கெடுக்கணும்னு நான் போவல. பயந்துகினு போனேன். திங்கக்கெழம ஸ்டேஷனுக்கு வர்றேன்.”

திங்கட்கிழமை சொன்னபடி வந்தாள், தனியாக, பஸ் பிடித்து. ராதிகா அவளை உட்கார வைத்துக் கேட்டார்.

“யாராவது கட்டாயப்படுத்தி வந்தீங்களாம்மா?”

“இல்ல மேடம்.”

“அவர் கையில துப்பாக்கி இருந்தா உங்களுக்குப் பரவால்லையா?”

“அவரு வேலைக்கு வேணும் மேடம். கெட்ட எண்ணம் இல்லாத மனுசன்.”

“இனிமே சேர்ந்து இருக்கப் போறீங்களா?”

சாமுண்டீஸ்வரி வாய் திறப்பதற்குள் ராதிகாவே சொன்னார், “இருக்கப் போறீங்கன்னா நல்லதுதான். ஆனா அப்போ நான் யோசிக்கணும். பயம்னு சொன்ன அதே வீட்டுக்குள்ள அதே துப்பாக்கி திரும்பிப் போகுதுன்னா, பரிந்துரை பண்ண மாட்டேன். தனித்தனியா இருக்கீங்க, இனியும் அப்படித்தான்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தீங்கன்னா, பிரச்சினை இல்ல.”

வீராசாமி போட்டு வைத்திருந்த வரிசை அந்த இடத்தில் உடைந்தது. துப்பாக்கி வந்தால் அவள் வருவாள் என்று இருந்தார். இப்போது, அவள் வரமாட்டாள் என்று எழுதினால்தான் துப்பாக்கி வரும்.

“ஒரு நிமிஷம்மா” என்று சொல்லி மனைவியை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளியே பிடித்துவைத்த பைக்குகள் புழுதியேறி நின்றன. பைக்குகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“துப்பாக்கி வாணான்னுட்டா வருவியா?”

இவ்வளவு காலத்தில் அவர் அவளிடம் கேட்ட கேள்விகளில், பதில் தெரியாமல் கேட்டது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

“நீ உட்டுருவ” என்றாள். “சொன்னா செய்ற ஆளுதான். ஆனா அதுக்கப்பறம் தெனிக்கும் ஆஸ்பத்திரில விசில் ஊதிட்டு ஊட்டுக்கு வருவ. ஒண்ணும் பேச மாட்ட. உன்னாலதான்னு என்னப் பாப்ப. அத என்னால தாங்க முடியாது. துப்பாக்கி இல்லன்னாலும் எனுக்கு அதே பயம்தான்.”

“நான் அப்டிப் பாக்க மாட்டேன்.”

“பாப்ப. உனுக்கே தெரியாம பாப்ப.”

ஹாலில் உட்கார்ந்து துடைத்து அவளை நடுங்க வைத்ததும் அவருக்குத் தெரியாமல் நடந்ததுதான்.

“போ. எழுது” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

ராதிகா எழுதினார். மனைவி தனியாக மகள் வீட்டில் வசிக்கிறார், கணவரோடு மீண்டும் சேர்ந்து வாழும் எண்ணமில்லை, ஆகவே அவர் துப்பாக்கி வைத்திருப்பதில் ஆட்சேபணை இல்லை. படித்துக் காட்டினார். சாமுண்டீஸ்வரி முதலில் கையெழுத்துப் போட்டாள். கொடி கொடியாக நீட்டிப் போடுவாள், மகளுக்கு ஸ்கூல் ரிப்போர்ட்டில் போட்டுப் பழகியது. கீழே வீராசாமி போட்டார். அந்த இடத்தில் பேனா மக்கர் பண்ணியது, இரண்டாவது தடவை அழுத்திப் போட வேண்டியதாயிற்று.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஆவடி கமிஷனர் ஆபீஸிலிருந்து லைசென்ஸ் வந்தது. ஸ்டேஷனில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். குழலின் வாயில் லேசாகத் துரு. கான்ஸ்டபிள் ஒருவர், “எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க ஐயா” என்றார். சரியாகத்தான் இருந்தது. பாடி அடகுக் கடை மேனேஜருக்குப் போன் செய்தார். அடுத்த வாரமே வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து, துப்பாக்கியை உறையோடு கட்டில் மேல் வைத்துவிட்டு, திவ்யாவைக் கூப்பிட்டார்.

“துப்பாக்கி கெடச்சிருச்சும்மா. வேலைக்கும் கூப்டுட்டாங்க.”

“அப்டியா! சந்தோஷம் நைனா.” அவள் குரலுக்குப் பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. போனைத் தள்ளிப் பிடித்து, “அம்மா, நைனாவுக்கு துப்பாக்கி வந்துருச்சாம்” என்று சத்தமாகச் சொன்னாள்.

மிக்ஸி நின்றது.

வீராசாமி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் போதும் என்று இருந்தது.

பிறகு மிக்ஸி மறுபடி ஓடியது. “நைனா, இருக்கியா? ஹலோ?” என்றாள் திவ்யா.

“கீறேம்மா” என்றார் அவர்.