மகாசங்கமம் முடியட்டும் என்றார்

ஆவடியில் எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிட டிவி சீரியலுக்குத்தான் மரியாதை. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவருக்குச் சர்க்கரை நோய். ஏழு மணி சீரியலின் டைட்டில் பாட்டு வந்ததும் இன்சுலின் போட்டுக்கொள்வார். அரை மணியில் 'தொடரும்' என்று போட்டதும் சாப்பிட உட்காருவார்.

போன மாதம் சேனல்காரர்கள் இரண்டு சீரியல்களை இணைத்து, மகாசங்கமம் என்று ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். வாரம் முழுக்க அதற்கு விளம்பரம் வேறு. வழக்கம்போல் ஏழு மணிப் பாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டார்; 'தொடரும்' எட்டு மணிக்குத்தான் வரும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஏழரைக்குத் தட்டு வைத்தேன். "இரு, முடியட்டும்" என்றார். நானும் கதையில் மூழ்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்க, பேச்சுக் குழற உட்கார்ந்திருக்கிறார்.

என் அலறல் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு செல்வி, "இன்னாக்கா பாத்துகினு நிக்கிறே, சக்கரைய கரைச்சுக் குடு" என்று அதட்டினாள். ஊசி போட்டும் சாப்பிடாததில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தது; குடித்துக் கால் மணி கழித்துத்தான் தெளிந்தார். தெளிந்ததும் முதல் கேள்வி, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துச்சா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் டிவியை அணைத்தேன்.

இப்போது ஊசி போட்டதும் போனில் அரை மணிக்கு அலாரம் வைக்கிறேன். அது அடித்தால் டிவி அணைந்துவிடும், யார் கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருந்தாலும் சரி. போன வாரம் அந்தச் சீரியலை ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் ஏழரைக்குச் சோறு.