அண்ணன் சந்தேகப்பட்டது சரிதான்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, வீட்டிலுள்ள எல்லா சுவிட்ச் போர்டுகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கழற்றினேன். எதிர்வீட்டுக்காரர் அதற்குள் ஒயர் போட்டுத் தான் பேசுவதை ஒட்டுக்கேட்கிறார் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவள். அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. பேசிப் புரியவைப்பதைவிடத் திறந்து காட்டுவது சுலபம் என்று நினைத்தேன். ஹால், படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று வரிசையாகத் திறந்து காட்டி, மறுபடி மூடினேன். அண்ணன் கூடவே வந்து எல்லாவற்றையும் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லேன்னா நீ எதுக்குக் கழட்டிப் பாத்த?" என்றான்.

அவனுக்கு மனச்சிதைவு நோய் என்று பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவர் சொல்லியிருந்தார். சளி பிடித்தால்கூடக் கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நாங்கள். இதற்கு மட்டும் போகவில்லை. போனால் மெடிக்கல் ஃபைலில் ஏறிவிடும். அவனுக்கு மைன்ஸில் கன்வேயரில் வேலை; அந்தப் பக்கமே விடமாட்டார்கள். பெர்மனென்ட் வேலைக்கே ஆபத்து. அப்புறம் எனக்கு வரன் வராது. அம்மா இதே வரிசையில்தான் பயந்தாள். கேட்டவர்களிடம் பாண்டிக்குக் கோயிலுக்குப் போகிறோம் என்றோம். அண்ணன் இரண்டு முறை வந்தான். பிறகு வர மறுத்துவிட்டான், மாத்திரையையும் துப்பினான். அதற்குப்பின் நாங்கள் மட்டும் போய் நிலைமையைச் சொல்லி மருந்து வாங்கிவந்தோம். பொடி செய்து ரசத்தில் கலந்தோம்.

நைட் ஷிப்ட் வாரங்களில் அவன் கேன்டீனில் சாப்பிடுவான். மருந்து விட்டுப்போகும். அப்படி ஒரு வாரத்தின் முடிவில், ஷிப்ட் முடிந்து வந்த காலையில், சைக்கிள் ஷெட்டில் எதிர்வீட்டுக்காரரைச் சைக்கிள் பம்பால் தலையில் அடித்தான். அவருக்கு வலது காது கேட்காமல் போயிற்று.

ஜாமீனில் வந்த அண்ணனோடு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு மாறினோம். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. வேலையில் இருப்பவர் மெடிக்கலில் அன்ஃபிட் ஆனால் வீட்டில் ஒருவருக்கு அந்த வேலை கிடைக்கும் என்று டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். காய்கறிக் கடையில் பழைய பிளாக்கைச் சேர்ந்த ஓர் அக்கா கேட்டேவிட்டார்.

"ஏம்மா, உங்கண்ணனுக்கு நெஜமாவே பைத்தியமா, வக்கீல் சொல்லிக் குடுத்ததா?"

"உடம்பு சரியில்லக்கா."

"நல்லா தடிமாடு மாதிரி நடந்து போறானே! சரி சரி, உனக்கு வேல வந்தா ஸ்வீட்டு குடு."

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. சில நேரம் அண்ணன் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தெளிவாக வாசிப்பான். எனக்கே, நடிக்கிறானோ என்று தோன்றும். உடனே அவன் நிமிர்ந்து, "என்ன பாக்கற?" என்பான்.

அடித்தது அவன்தான் என்பதில் கோர்ட்டில் யாருக்கும் மறுப்பில்லை. அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாத நிலையில் இருந்தான் என்பதை எங்கள் வக்கீலால் நிரூபிக்க முடியவில்லை. குற்றவாளி என்று முடிவானது. சிறையா, சிகிச்சையா என்பது மட்டும்தான் மிச்சம். சிறையில் யார் எதைக் கொடுத்தாலும் அவன் சாப்பிடமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

"ரசத்துல கலந்த கதைய மட்டும் எடுக்காதீங்கம்மா" என்றார் வக்கீல். "தெரிஞ்சே மறைச்சீங்க, ஆபத்துன்னு தெரிஞ்சும் அக்கம்பக்கத்துல சொல்லலன்னு உங்க மேலயே திருப்புவாங்க."

தண்டனை குறித்த வாதத்தில் அரசு வக்கீல் சுருக்கமாகத்தான் பேசினார். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பம், இத்தனை வருஷ நோய்க்கு ஒருமுறைகூட அங்கே போகவில்லை. பாண்டிச்சேரி மருந்துச் சீட்டுகளில் நோயாளி நேரில் வந்தது இரண்டே முறை. கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் வேலைக்குத் தகுதி என்று வந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நானே நீதிபதியாக இருந்தாலும் இந்த நோயை நம்பமாட்டேன் என்று பட்டது.

தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி அண்ணனைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்கய்யா. ட்யூட்டிக்கு அனுப்புனா போதும்." எங்களைக் கைகாட்டினான். "இவங்கதான் சோத்துல மருந்து வைக்கிறாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"ரசம் கசக்கும்ங்க. அம்மா ஊத்துனா கொஞ்சம், இவ ஊத்துனா ரொம்ப. சாப்ட்டா கை நடுங்குது, நாக்கு தடிச்சிப் போவுது. கேன்டீன்ல சாப்ட்டா ஒண்ணும் இல்லைங்க."

நீதிபதி என்னை முன்னால் வரச் சொன்னார். "உண்மையாம்மா?"

எங்கள் வக்கீல் கேஸ் கட்டைப் பிரித்து எதையோ தேட ஆரம்பித்தார். இல்லை என்று நான் சொன்னால், அவன் சொன்னது குற்றவாளி கட்டும் இன்னொரு கதையாகப் போய்விடும்.

"உண்மைதாங்கய்யா" என்றேன். என்ன மருந்து, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று வரிசையாகச் சொன்னேன்.

அரசு வக்கீல் எழுந்தார். "அண்ணன் அன்ஃபிட் ஆனா அந்த வேலை உங்களுக்குத்தானே?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க சார். அதுக்காகக் கலக்கல."

நம்பினாரா என்று தெரியவில்லை. அண்ணன் கோபப்படவில்லை. வெகுநாளாய்த் தேடிய பொருள் கையில் கிடைத்தவன் மாதிரி கோர்ட்டில் இருந்த எல்லோரையும் பார்த்து, "பாத்தீங்களா?" என்றான்.

நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைத்து, அவனைக் கடலூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி அறிக்கை கேட்டார். கை நடுக்கமும் தடித்த நாக்கும் அந்த மருந்தால் வருபவைதான் என்றும், நோய் பழையது என்றும் அறிக்கை வந்தது. சிறை இல்லை. அம்மாவும் நானும் ஜாமீன் நிற்க, நன்னடத்தைப் பத்திரம், தொடர்ந்து சிகிச்சை, மருந்தை அவனுக்குத் தெரிந்தேதான் கொடுக்க வேண்டும், எதிர்வீட்டுக்காரருக்கு இழப்பீடு.

வெளியே வராந்தாவில் எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தார். அவர் கணவர் கேட்கும் காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"கோயிலுக்கு, கோயிலுக்குன்னு போனீங்களே. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க வூட்டுக்காரரு ஒதுங்கியாவது இருந்திருப்பாரு இல்ல? நாங்க என்ன வெளிய போயி தமுக்கா அடிச்சிருப்போம்?"

அடித்திருப்பார்கள் என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் கேட்டது நியாயம். அம்மா கைகூப்பினாள். அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் முதல்முறையாக மாத்திரையைத் தட்டின் ஓரத்தில், எல்லோரும் பார்க்க வைத்தேன். அண்ணன் சாதத்தைத் தொடவில்லை.

"நீ மொதல்ல சாப்புடு."

ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன்.

"ரசமும்."

ரசத்தையும் ஒரு மடக்குக் குடித்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"நாக்கத் தூக்கு" என்றேன். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தூக்கினான். அடியில் ஒன்றும் இல்லை.

"இப்ப நீ தூக்கு" என்றான்.

நானும் தூக்கிக் காட்டினேன்.