அம்மா அழைத்துப் போன நூதனசாலை

சிவப்பு மெழுகு தேய்த்த சிமெந்துத் தரையின் வாடையும் பூச்சி உருண்டையின் வாடையும் ஒன்றாகக் கலந்து, வெயிலில் நடந்து வந்தவர்களின் மூக்கை ஒரு நிமிடம் திணறவைக்கும் அந்தக் கூடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நான் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. என் கையைப் பிடித்தபடி ஐந்து வயதுத் தம்பி நின்றான். எங்களுக்குப் பின்னால், கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டுகிற மாம்பழ நிறச் சேலையில் அம்மா. பதுளை நகரத்தில் பழைய பொருள்களைப் பார்வைக்கு வைத்திருந்த அந்தச் சிறிய நூதனசாலைக்குள் போக யாரும் காசு கேட்பதில்லை.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான மேல் லயத்தின் கடைசி அறை, 'காம்பரா', எங்களுடையது. அப்பாவுக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் நூதனசாலையைப் பற்றிய பாடத்தை வாசித்துக் காட்டிய நாளிலிருந்து நான் அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். "ஞாயித்துக்கிழமை துணி தொவைக்கவே நேரம் பத்தல, இதுல ஊர் சுத்தறதா" என்று மாதக்கணக்கில் தட்டிக்கழித்தவள், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் வாயைத் திறக்காமலேயே, "நாளைக்குப் பதுளைக்குப் போவோம், நீ கேட்டியே அந்த எடத்துக்கு" என்று சொன்னாள். சனிக்கிழமை வேலை நாள். காலையில் பேர் கொடுக்கும் 'பெரட்டு'க்குப் போகாமல் எங்களுக்காக அவள் ஒருநாள் சம்பளத்தையே விடுகிறாள் என்ற பெருமையில் நான் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

விடிந்ததும் லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி தம்பியின் தலையைத் தடவினாள், ஒருத்தி என் கன்னத்தை வழித்து, "சமத்தா இருக்கணும் புள்ள" என்றாள். நாங்கள் நூதனசாலை பார்க்கப் போவது அவர்களுக்கெல்லாம் அவ்வளவு பெரிய காரியமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பஸ் நிற்கும் இடம்வரை வந்து, பஸ் திரும்பும்வரை ரோட்டிலேயே நின்றார். அம்மா ஒரு பெரிய பையை மடியில் வைத்திருந்தாள். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதுளையில் இறங்கியதும் தெரிந்த கடையொன்றில் அந்தப் பையைக் கொடுத்துவிட்டு, எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும், "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். தமிழில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன், சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்ததற்கு நானாக ஏதோ கட்டிச் சொன்னேன். பழைய நாணயங்கள், துருப்பிடித்த வாள், ஓலைச் சுவடி, ஒரு பக்கக் கண் விழுந்துபோன பாடம் செய்த சிறுத்தை. எல்லாவற்றுக்கும் அம்மா "அப்படியா" என்றாள். ஒரு மூலையில் கொழுந்துக் கூடையும் நிறுக்கும் தராசும் இருந்தன. "இதையுமா கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க? நம்ம வீட்டுக் கூடைய குடுத்திருந்தா இதவிட நல்லா இருந்திருக்கும்" என்று அவள் சொன்னபோது மூன்று பேரும் சிரித்தோம். காவல்காரக் கிழவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அம்மா எங்களோடு அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அவளுக்கு அதற்கு நேரமிருந்ததில்லை.

பிறகு அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் கடைக்குப் போய் தம்பி காலுக்கு ஒரு சப்பாத்து வாங்கிட்டு வந்துர்றேன். நீ அவன் கைய விடாத. மிச்சம் இருக்கிறதையெல்லாம் ஒண்ணு விடாம வாசிச்சு வை, வந்ததும் எனக்குச் சொல்லணும்" என்றாள். தம்பியைத் தூக்கி இறக்கினாள். காவல்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் ஒன்று விடாமல் வாசித்தேன். மறந்துவிடக் கூடாது என்பதற்காக முதல் அறையிலிருந்து மறுபடி தொடங்கி, எந்த மன்னன் காலத்துக் கல், எந்தக் கோயிலின் மணி என்று மனப்பாடம் செய்தேன். மூன்றாவது சுற்றில் தம்பி கால் வலிக்கிறதென்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நான்காவது சுற்றின்போது வாசலில் ஆள் நிழல் தெரிய, "அம்மா, எல்லாத்தையும் வாசிச்சிட்டேன்" என்று ஓடினேன். நின்றுகொண்டிருந்தது அப்பாவின் தங்கை, பார்வதி அத்தை.

"அம்மா எங்க அத்தை?"

அத்தை என்னைத் தனியாக அந்தப் பக்கம் கூட்டிப்போய், "அம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போயிருச்சு கண்ணு. அம்மா ஏறின வேன் அப்பவே கொழும்புக்குப் போயிருச்சு. சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றாள்.

நான் அழவில்லை. என் மண்டைக்குள் அந்தக் கல்லும் மணியும் மன்னர்களும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், அவற்றை யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், காலையில் என் கன்னத்தை வழித்த கைகளெல்லாம் எதற்காக வந்தன என்று ஒவ்வொன்றாகப் புரிந்தது. என் வகுப்புக் கலாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது. "எங்கம்மா ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு" என்று மறுநாள் சொன்னாள். அப்பாவோ, என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

இதில் நான் செய்தது ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பஸ்ஸில் தம்பி, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டான். "சப்பாத்து வாங்கிட்டு வரும்" என்றேன். அவன் மறுநாளும் கேட்டான், அதையே சொன்னேன். அழுவானே என்ற பயத்தில் பல வாரங்கள் அதையே சொன்னேன். சாயங்காலமானால் அவன் லயத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பான். கடைசியில் பக்கத்துக் காம்பராப் பையன் ஒருவன் உண்மையைச் சொல்லிவிட, தம்பி வந்து என் கையைக் கடித்தான். அம்மா மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. "நீதானே சொன்ன, நீதானே சொன்ன" என்றுதான் கத்தினான். இப்போது அவன் கொழும்பில் வேலை செய்கிறான். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு தடவை போன் பண்ணுவான், எனக்குத் தீபாவளிக்கு ஒரு தடவை.

நான்கு வருடம் கழித்து அம்மா வந்தாள். கம்பளிப் போர்வைகளும் பவுடர் டின்களும் ஒரு வானொலியும் கொண்டுவந்தாள். அந்தப் பணத்தில்தான் நான் பதுளைப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தேன், இன்று ஆசிரியையாக இருக்கிறேன். அதனால் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். யாருமே பேசாத விஷயமாக அது எங்கள் வீட்டில் கிடந்தது.

போன மாதம் பள்ளி விடுமுறையில் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். எங்களோடு இருக்க வந்திருந்த அம்மாவையும் அழைத்தேன். இன்றைக்காவது அவள் ஏதாவது சொல்லுவாள் என்று ஒரு எதிர்பார்ப்பு எனக்குள் இருந்ததை மறைக்கத் தேவையில்லை. படியேறி உள்ளே போன அம்மா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, பதுளையில இப்படி ஒரு எடம் இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்றாள்.

"நீங்க வந்திருக்கீங்கம்மா. குவைத்துக்குப் போன அன்னைக்கு. எங்களை இங்கதான் விட்டுட்டுப் போனீங்க."

அம்மா என்னை வியப்போடு பார்த்தாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை. "இங்க எதுக்கு விடப்போறேன்? பஸ் ஸ்டாண்டுல அத்தைகிட்ட ஒப்படைச்சிட்டு, ரெண்டு பேரையும் கட்டிப்பிடிச்சு அழுது, சொல்லிட்டுத்தானே போனேன். நீ சின்னப்புள்ள, ஒனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு என் சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போனாள்.

வேற்று நாட்டு வீட்டுச் சமையலறையில் நான்கு வருடமாக அவள் அப்படி ஒரு விடைபெறுதலைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கி, அதை வைத்துக்கொண்டுதான் தூங்கியிருப்பாள் என்று எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? அந்த மரப் பெட்டிகள் இப்போது இல்லை, எல்லாம் அலுமினியச் சட்டமும் மின்விளக்குமாக மாறிவிட்டன. காவல்காரக் கிழவர் இல்லை. பார்வதி அத்தை இறந்து ஆறு வருடமாகிறது. பஸ் நிற்கும் இடத்தோடு நின்றுவிட்ட அப்பா இங்கே நடந்த எதையும் பார்க்கவில்லை. தம்பிக்கு நான் சொன்ன பொய் மட்டும்தான் நினைவிருக்கிறது. அந்தப் பகல் நடந்தது என்று சொல்ல இனி என்னைத் தவிர யாரும் இல்லை.

"அம்மா, நீங்க முந்தி இங்க வந்திருக்கீங்களா?" என்று மூத்த மகள் என்னிடம் கேட்டாள்.

"ஒன்ன மாதிரி சின்னப்புள்ளயா இருக்கும்போது வந்தேன்."

"யாரோட?"

அடுத்த அறை வாசலில் அம்மா திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொழும்பு மாமாவோட" என்றேன். "நாங்க ரெண்டு பேரும்தான் வந்தோம்."