நாற்பது குண்டும் உருளவில்லை

அவள் வந்த முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. மறைத்துப் பேச எனக்கு வராது, அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறாமை. பச்சைப் பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சூலூருக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தேன். ஆறு லேத், இரண்டு டிரில்லிங் மெஷின், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கொட்டகை. தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதுதான் மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் போவதே காதில் விழும். பத்தாவது முடித்துவிட்டு அந்தத் தறிக்கொட்டகையில் இரண்டு வருடம் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றியவள் நான். சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, வெர்னியர் அளவுகோல் பிடிக்கக் கற்று, ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் செய்து முடித்த ஜாப் ஷெட்டை விட்டு வெளியே போகும். ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண். முதலாளி என்னை ‘அம்மணி’ என்று கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காக ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குப் போயிருக்கிறேன்.

பம்பு சாமான் செய்துகொண்டிருந்த எங்களுக்கு அந்த வருடம் ராணுவத்துக்கான பயிற்சிக் குண்டு செய்யும் வேலை வந்தது. குழாயில் போட்டு மேலே எறிகிற சின்னக் குண்டு. உள்ளே மருந்து கிடையாது, வெடிக்காது. வார்ப்பு இரும்பில் உடம்பு, அலுமினியத்தில் வால் இறக்கை. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் குறி பார்க்கப் பழகுவதற்கு. குண்டு காற்றில் ஆடாமல் போக வேண்டும், அதுதான் முக்கியம். ஆடினால் தப்பு சிப்பாயின் கையிலா குண்டிலா என்று தெரியாது. அப்புறம் அவன் எதைப் பழகுவது?

நாங்கள் முதலில் அனுப்பிய பத்தும் ஆடின. சும்மா ஆடவில்லை, எறிந்த சீமாறு மாதிரிப் புரண்டு புரண்டு போய் விழுந்தன என்று சோதனை பார்த்துவிட்டு வந்த முதலாளி சொன்னார். நான் மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். நீளம் சரி, விட்டம் சரி, இறக்கையின் கோணம் சரி. ஒரு மயிரிழை பிசகில்லை. அளவு சரியாக இருந்தும் குண்டு ஏன் ஆடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் ஊர், டிப்ளமா படிப்பு, ஒரு பம்பு கம்பெனியில் ஒரு வருட அனுபவம். வயது இருபத்திரண்டு இருக்கும். கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. இரண்டு பஸ் மாறி வருவாள், தினமும் பத்து நிமிடம் லேட். நான் ஒரு நாள் லேட்டாக வந்தால் கடிகாரத்தைப் பார்க்கிற முதலாளி அவளுக்கு மட்டும், “பொள்ளாச்சியில இருந்து வர்ற புள்ளை, பாவம்” என்பார். அடேயப்பா, நான் மட்டும் என்ன பல்லக்கிலா வந்தேன்?

வந்த மூன்றாம் நாள் அவள் ஒரு குண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அளவெல்லாம் அக்கா பாத்தது சரிதானுங்க. எடைதான் ஒரு பக்கமா இருக்குதுங்க. வார்ப்புல உள்ள ஒரு பக்கம் தடிச்சுப் போயிருக்கும்.” பம்புக்குள் சுழல்கிற சக்கரத்தை அப்படித்தான் பார்ப்பார்களாம். அவள் சொன்னபடி லேத் ஓட்டுகிற டர்னர் ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தார். கத்தி முனை போலத் தீட்டிய இரண்டு எஃகுப் பட்டை, நீர்மட்டம் பார்த்து வைத்தது. குண்டுக்குள் ஒரு தண்டைச் செருகி, தண்டின் இரு முனையையும் பட்டைகளின் மேல் வைத்தால், கனமான பக்கம் தானாகக் கீழே உருளும். உருளாமல் எங்கே வைத்தாலும் அங்கேயே நின்றால் எடை சமம். உருண்டால் கனமான பக்கத்தில் கொஞ்சம் உள்ளே சுரண்டி எடுக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவுதான் என்பதே எனக்கு வயிற்றெரிச்சல். இதுகூட எனக்குத் தோன்றவில்லையே!

அவள் பார்த்து அனுப்பிய பத்தும் நேராகப் போயின. முதலாளி கோயமுத்தூரிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்தார். “அம்மணி, நீங்க முதல்ல எடுங்க” என்றார். நான் கையை நீட்டிவிட்டேன். அவர் டப்பாவை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அன்று நான் மைசூர்பாகு தின்னவில்லை, சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அது இன்னும் மோசம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். “ஏனுங்க அக்கா, இந்த மைக்ரோமீட்டரைச் சித்த சொல்லிக் குடுங்களே” என்று பக்கத்தில் வந்து உட்காருவாள். தேங்காய் பர்பி கொண்டுவந்தால் எனக்குத் தனியாகப் பொட்டலம். தின்பேன், தின்றுகொண்டே கரித்துக்கொட்டுவேன். நேற்று முளைத்த காளான், இவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று.

அப்போதுதான் முதலாளி ஒன்றைச் சொன்னார். அடுத்து நாற்பது குண்டு அனுப்ப வேண்டும். அது தேறினால் பெரிய ஆர்டர். ஆர்டர் வந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று கண்ணாடி வைத்த தனி அறை, அதற்கு ஒரு பொறுப்பாளர். யார் என்று அவர் சொல்லவில்லை. ஷெட்டில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆறு வருடம் நான் நின்றுகொண்டே அளந்திருக்கிறேன். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். சோற்றை விட, தூக்கத்தை விட வேண்டும் என்று இருந்தது.

நாற்பதும் தயாராகும்போது ஆயுத பூஜை வந்துவிட்டது. மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது ஒவ்வொரு வருடமும் என் வேலை. எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு: வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது. அது தானாகத்தான் உதிர வேண்டும். ஒருமுறை புதிதாக வந்த ஆபரேட்டர் ஒருவர் தெரியாமல் துடைத்துவிட்டார் என்று, முதலாளி அந்த லேத்துக்கு மறுபடி தேங்காய் உடைக்க வைத்தார்.

லேத்துகளுக்கு வைத்தேன், டிரில்லிங் மெஷினுக்கு வைத்தேன், என் வெர்னியர் பெட்டிக்கு வைத்தேன். கடைசியில் அவள் ஸ்டாண்டு. கையில் கிண்ணத்தோடு நின்றேன். இதற்கும் நான்தான் வைக்க வேண்டுமா? வைக்காமல் போனால் நாலு பேர் கேட்பார்கள். சனியனே என்று, ஸ்டாண்டின் காலில் வைக்காமல், அந்த இரண்டு பட்டைகளின் மேலேயே வரிசையாக அப்பினேன். கெடுக்க வேண்டும் என்று நினைத்து வைத்தேனா? சத்தியமாக இல்லை. கோபத்தில் வைத்தேன். அவள் ஓடிவந்து, “என்ற ஸ்டாண்டுக்கும் வெச்சீங்களா அக்கா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

விஜயதசமி கழித்து வேலை தொடங்கியபோது லாரி வர ஒரு நாள்தான் இருந்தது. அவள் ஸ்டாண்டின் முன்னால் துணியோடு நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, மேல இருக்கறதை மட்டும் சித்த துடைச்சுக்கட்டுங்களா?”

இந்த இடத்தில்தான் நான் செய்ததைச் செய்தேன். “வெச்ச பொட்டை அழிப்பாங்களா கண்ணு? அதுவும் கண்ணாலம் ஆகப்போற புள்ளை, பொட்டுல கை வெக்கலாமா?” என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. துணியை வைத்துவிட்டு, ஒரு மெல்லிய பிரஷ்ஷால் தூளை மட்டும் தட்டிவிட்டாள். குங்குமம் போய்விட்டது. சந்தனம் காய்ந்து, எஃகோடு எஃகாக ஒரு மஞ்சள் தோல் போல ஒட்டியிருந்தது. அவள் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். முதல் குண்டு நின்றது. இரண்டாவதும் நின்றது. மத்தியானத்துக்குள் நாற்பதும் நின்றுவிட்டன.

“ஒண்ணுகூட உருளலீங்க அக்கா! இந்தத் தடவை வார்ப்பு அருமையா வந்திருக்குதுங்க.”

முன்பு அவள் பார்த்த பத்தில் ஆறு முதலில் உருண்டன, சுரண்டிய பிறகுதான் நின்றன. இப்போது நாற்பதில் ஒன்றுகூட உருளவில்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வந்தது. அவள் சாப்பிடப் போனபோது குனிந்து பார்த்தேன். தண்டு உட்கார்ந்த இடத்தில் சந்தனத்தில் சின்னதாகக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் தண்டு சிக்கிக்கொண்டு நிற்கிறது, எடையால் நிற்கவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகத்துக்குள் மஞ்சளாக வந்தது. ஒரு வார்த்தை போதும். ‘வா கண்ணு, துடைச்சுட்டு மறுபடி பாக்கலாம்.’ சாயங்காலம் வரை நேரம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் முடித்திருக்கலாம்.

நான் கை கழுவிவிட்டு வந்து, ரிப்போர்ட்டில் அளவு என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். எடைக்கான கட்டத்தில் அவள் போட்டாள், முத்து முத்தான எழுத்தில். லாரி போயிற்று.

லாரி போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாராவது வந்து பார்த்தால்? மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, மண்ணெண்ணெயில் காட்டன் வேஸ்ட்டை நனைத்து அந்தப் பட்டைகளைப் பளபளவென்று துடைத்தேன். மற்ற பொட்டையெல்லாம் அப்படியே விட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி சோதனை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நாற்பதில் பாதிக்கு மேல் காற்றில் புரண்டனவாம். அங்கிருந்த அதிகாரி, இது பயிற்சிக் குண்டா திருவிழா வாணமா என்று கேட்டாராம். எங்கள் முதலாளி கத்துகிற மனிதர் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு தடவை குடுத்திருக்காங்க, அதையும் கோட்டை உட முடியாதுங்க. நீங்க நாளையில இருந்து வர வேண்டாமுங்க. கண்ணாலத்துக்குப் பத்திரிகை வைங்க, கட்டாயம் வாரேன்.”

இதுதான் எங்கள் ஊர். வேலையை விட்டு அனுப்பும்போதும் ஆளுக்கு ஒரு ‘ங்க’ குறையாது.

அவள் அழவில்லை. திரும்பி வந்த குண்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனாள். வைத்த உடனே அது உருண்டது. இன்னொன்றை வைத்தாள், அதுவும் உருண்டது. பட்டையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஷெட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆறு லேத்திலும் பொட்டு இருந்தது. டிரில்லிங் மெஷினில் இருந்தது. என் வெர்னியர் பெட்டியில்கூட மங்கலாக இருந்தது. அவள் ஸ்டாண்டு மட்டும் வெறும் எஃகாக மின்னியது.

கடைசியாக என்னைப் பார்த்தாள். முதலாளி பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் திரும்பவும் தார் சுற்றப் போயிருப்பேன்.

“என்ற தப்புதானுங்க. நான் சரியாப் பாக்கலீங்க” என்று அவரிடம் சொன்னாள்.

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள். குரலில் கோபமே இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற அதே குரல், மைக்ரோமீட்டர் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்ட குரல்.

“அப்போ, துடைக்கலாமுங்களா அக்கா?”

அவள் பஸ் ஏறப் போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகை எனக்கும் தபாலில் வந்தது, நான் போகவில்லை.

அடுத்த நாற்பதை அவள் ஸ்டாண்டில் நான்தான் பார்த்தேன். அவள் செய்த மாதிரியே வைத்தேன், அவள் சொன்ன மாதிரியே சுரண்டினேன். நாற்பதும் நேராகப் போயின. கண்ணாடி அறை வந்தது, நாற்காலி வந்தது, முதலாளியின் ‘அம்மணி’யும் எனக்கே திரும்பி வந்தது. பொறாமை மட்டும் போகவில்லை. முன்பு அவள் படிப்பின் மேல் இருந்தது. இப்போது, முதலாளி பத்தடி தள்ளி நின்றபோது அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டாளே, அதன் மேல். அது எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது.

மறு வருட ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் அந்த ஸ்டாண்டின் முன்னால் வந்து நின்றேன். கை போகவில்லை. கிண்ணத்தை டர்னரிடம் கொடுத்தேன்.

“இதுக்கு நீங்க வைங்கண்ணா” என்றேன். “கால்ல மட்டும் வைங்க.”